குழல் தேயும், கூடு நிற்கும்: மௌசர் ஆக்ஷனும் 'நீண்டகால மதிப்பு' என்ற சொல்லாடலும்

துப்பாக்கிக் குழலைப் பற்றி மாவோ சொன்னதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய தலைமுறை ஒன்று நம்மிடையே இருந்தது. அதை ஏற்றவர்களும் சரி, மறுத்தவர்களும் சரி, குழலையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் துப்பாக்கியைப் பகுதி பகுதியாகத் தேர்ந்து, தன் கைக்கும் தோளுக்கும் ஏற்பச் செய்வித்துக்கொள்கிற அமெரிக்க வேட்டைக்காரரிடமோ பந்தயக்காரரிடமோ போய்க் கேட்டால் குழல் இரண்டாம்பட்சம் என்றுதான் சொல்வார். குழல் தேயும். வெடிமருந்தின் சூடு அதன் தொண்டையை அரித்துவிடும். வேகமான தோட்டா என்றால் இரண்டாயிரம் மூவாயிரம் முறை சுட்டதும் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்ட வேண்டியதுதான். மரக்கட்டையும் மாற்றக்கூடியது. மேலே பொருத்தும் தொலைநோக்கி பத்து வருஷத்தில் பழசாகிவிடும். கடைசிவரை நிற்பது 'ஆக்ஷன்' மட்டுமே. ஆகவே பணத்தை அதில் போடு, பேரன் காலத்திலும் விலை போகும் என்பது அந்த வட்டாரத்தில் அப்பன் பிள்ளைக்குச் சொல்கிற புத்திமதி.

தமிழில் இந்த உறுப்புக்குப் பெயர் கிடையாது. குதிரை, விசை, குழல், கட்டை, மருந்து, தோட்டா என்று மற்றதெல்லாம் நம் வாயில் இருக்கிறது. இது மட்டும் இல்லை. காரணம் மொழியின் வறுமை அல்ல. வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியில் இப்படியொரு உறுப்பே கிடையாது. பின்பக்கம் திறந்து மூடுகிற துப்பாக்கி உலகத்தில் பரவிய நேரத்தில் இங்கே 1878ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் வந்துவிட்டது. வெள்ளையருக்கு விலக்கு, நமக்கு லைசென்ஸ். இல்லாத பொருளுக்குச் சொல் எங்கிருந்து வரும்? சும்மா புரிந்துகொள்வதற்காகத் தாழ்ப்பாள் என்று வைத்துக்கொள்வோம். குழலின் பின்வாயில் தோட்டாவை உள்ளே தள்ளி, வெடிக்கும்போது கதவு பிய்த்துக்கொண்டு வராதபடி பூட்டி, காலித் தோட்டாவை வெளியே இழுத்தெறிகிற தாழ்ப்பாளும், அந்தத் தாழ்ப்பாள் ஓடுகிற இரும்புக் கூடும் சேர்ந்ததே ஆக்ஷன்.

இந்தக் கூட்டின் வரலாற்றைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். 'நீண்டகால மதிப்பு' என்று சந்தை ஒன்றைச் சொல்கிறபோது அது யாருடைய நீண்டகாலம், எதன் மதிப்பு என்ற கேள்வியை இவ்வளவு பச்சையாகக் கேட்க வைக்கிற பண்டம் வேறு அதிகம் இல்லை.

○

தெற்கு ஜெர்மனியில் நெக்கர் ஆற்றங்கரையில் ஓபெர்ன்டார்ஃப் என்ற சின்ன ஊர். 1811இல் வூர்ட்டெம்பெர்க் அரசர் அங்கிருந்த அகஸ்தீனிய சபையின் மடத்தைத் துப்பாக்கித் தொழிற்சாலையாக ஆக்கினார். மடம் ஆலையாகிற மாற்றத்தைப் பற்றி ஃபூக்கோ படித்தவர்கள் தனியாக ஒரு கட்டுரை எழுதிக்கொள்ளலாம், நான் தாண்டிப் போகிறேன். அந்த ஆலையின் கொல்லர் ஒருவருக்கு 1838இல் பதிமூன்றாவது பிள்ளையாகப் பிறந்தவர் பவுல் மௌசர். அண்ணன் வில்ஹெல்முடன் சேர்ந்து அவர் செய்த முதல் வெற்றிகரமான துப்பாக்கியை 1871இல் ஜெர்மன் பேரரசு எடுத்துக்கொண்டது. பிறகு இருபத்தேழு வருஷம் ஒவ்வொன்றாகத் திருத்தித் திருத்தி 1898இல் வந்து நின்றதுதான் 98 ரக ஆக்ஷன். இன்று உலகத்தில் நடமாடுகிற, தாழ்ப்பாள் போட்டுச் சுடும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அதன் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

அதில் என்ன இருக்கிறது? தாழ்ப்பாளின் முன்முனையில் காது மாதிரி எதிரெதிரே இரண்டு புடைப்புகள். கைப்பிடியைத் திருகியதும் அவை கூட்டின் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பக்கவாட்டில் நீண்ட நகம் ஒன்று தோட்டாவின் விளிம்பைத் தொடக்கத்திலேயே கவ்விக்கொள்கிறது. தோட்டா குழலுக்குள் போகும்வரையும் திரும்பி வெளியே வரும்வரையும் பிடியை விடாது. பதற்றத்தில் பாதி தள்ளி, இழுத்து, மறுபடி தள்ளினாலும் இரண்டு தோட்டா மோதிச் சிக்காது. பின்னால் மூன்றாவதாக ஒரு காது: முன்னிரண்டும் உடைந்தால்கூட தாழ்ப்பாள் பின்னோக்கிப் பறக்காமல் தடுக்க. தோட்டா கிழிந்து வாயு பின்னுக்கு வந்தால் பக்கமாக வெளியேற ஓட்டைகள், முகத்தில் அடிக்காமலிருக்க ஒரு மறைப்பு. துப்பாக்கி பற்றிய புத்தகங்கள் இந்த ஆக்ஷனைப் 'பாதுகாப்பானது' என்று நூறு வருஷமாகப் பாராட்டிவருகின்றன. யாருடைய பாதுகாப்பு என்று அந்தப் புத்தகங்களில் எழுதவேண்டிய அவசியமே ஏற்படுவதில்லை. சுடுகிறவனுடைய கண், சுடுகிறவனுடைய கன்னம். 1901இல் தானே செய்த வேறொரு துப்பாக்கியைச் சோதிக்கும்போது மௌசருக்கு ஒரு கண் போயிற்று. அந்தக் கண் எல்லா வரலாற்று நூல்களிலும் பதிவாகியிருக்கிறது. துப்பாக்கியின் முன்னால் இருந்த கண்களுக்குக் கணக்கு இல்லை. அதே மனிதர் 1898இல் ஜெர்மன் பாராளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

கண்டுபிடிப்பாளர் என்ற பிம்பத்துக்குப் பின்னால் இருக்கிற கணக்கு வேறு. 1887இல் உஸ்மானியப் பேரரசு ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. அந்த வருஷமே பெர்லினின் லூட்விக் லோவெ கம்பெனி மௌசர் ஆலையைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டது. 1889இல் பெல்ஜியத்தில் எஃப்.என். என்ற ஆலை தொடங்கப்பட்டதே அந்த நாட்டு ராணுவத்துக்கு ஒன்றரை லட்சம் மௌசர் செய்து கொடுக்கத்தான். (1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. பிரௌனிங் என்ற அமெரிக்கரின் கைத்துப்பாக்கியை அங்கே செய்து உலகெங்கும் விற்றது இதே எஃப்.என். ஆலை.) 1898 ஜூலை 1 அன்று கியூபாவின் சான் ஹுவான் குன்றுகளில் சில நூறு ஸ்பானிய வீரர்கள் மௌசரை வைத்துக்கொண்டு அமெரிக்கப் படையை நிறுத்தி அடித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் செத்தும் காயப்பட்டும் விழுந்தார்கள். பாடம் கற்ற அமெரிக்கா மௌசரைப் பார்த்துத் தன் 1903 ரக ஸ்ப்ரிங்ஃபீல்டைச் செய்தது. காப்புரிமைத் தகராறு எழுந்து மௌசர் கம்பெனிக்கு 200,000 டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. ஆக அமெரிக்கப் பெருமையின் சின்னமாக இன்றும் விற்கப்படுகிற அந்த ஸ்ப்ரிங்ஃபீல்ட், காசு கொடுத்துத் தீர்த்த திருட்டு. ஜெர்மன் தென்மேற்கு ஆப்பிரிக்காவில் 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களைப் பாலைவனத்துக்கு விரட்டி அழித்த காலனிப் படைக்கும் 98 ரகம் போய்ச் சேர்ந்தது. ஆக்ஷனின் 'நம்பகத்தன்மை' நிரூபிக்கப்பட்ட களங்கள் இவைதாம்.

○

ராணுவத்துக்கு வெளியே இந்த ஆக்ஷன் போன வழி நமக்குக் கொஞ்சம் கிட்டே வருகிறது. 1890களின் கடைசியில் லண்டனின் ஜான் ரிக்பி கம்பெனி, பிரிட்டனுக்கும் அதன் காலனிகளுக்கும் மௌசரின் முகவராயிற்று. ஓபெர்ன்டார்ஃபிலிருந்து ஆக்ஷன் வரும், ரிக்பி அதில் குழல் மாட்டி, வால்நட் கட்டை செதுக்கி, கனவான்களுக்கு விற்கும். யானைக்கும் காட்டெருமைக்கும் ஏற்ற பெரிய தோட்டா போடுவதற்கென்றே நீளமான ஆக்ஷனையும் ரிக்பி கேட்டு வாங்கியது. 'கஸ்டம்' துப்பாக்கி என்ற பண்பாடே இப்படிக் காலனியக் காட்டுக்காகப் பிறந்தது. ராணுவத் தோட்டா 'நேட்டிவ்' கைக்குப் போய்விடக்கூடாது என்ற பயத்தில் சில தோட்டா அளவுகளையே இந்தியாவில் தடைசெய்தார்கள். அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போகவே லண்டன் கம்பெனிகள் புதுப்புது அளவுகளைக் கண்டுபிடித்தன. இன்று சேகரிப்பாளர்கள் பரவசத்தோடு உச்சரிக்கிற எண்களில் பல அந்தப் பயத்தின் குழந்தைகள்.

1907இல் குமாவோன் மலையில் சம்பாவத் புலியை ஜிம் கார்பெட் சுட்டார். அதன் கணக்கில் 436 மனித உயிர்கள் எழுதப்பட்டிருந்தன. ஐக்கிய மாகாணத்தின் லெஃப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட் பரிசளித்தார். கார்பெட்டுக்கு மௌசர் ஆக்ஷனில் ரிக்பி செய்த துப்பாக்கி. சம்பாவத் தாசில்தாருக்கு ஒரு துப்பாக்கி. கார்பெட்டோடு கூடப் போன ஊர்க்காரருக்கு ஒரு வேட்டைக் கத்தி. கார்பெட்டே தன் 1944ஆம் வருஷத்துப் புத்தகத்தில் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு அந்தக் கத்தியைத் தாண்டிப் போக முடியவில்லை. 436 பேரில் பெரும்பாலானோர் புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் போனவர்கள். ஆயுதச் சட்டம் அவர்களிடமிருந்து தள்ளிவைத்த பொருளைக் கையில் ஏந்தி ஒருவர் வருகிறார், ரட்சகர் ஆகிறார். புலி செத்த பிறகும் பரிசு வரிசையில் ஊர்க்காரருக்குத் துப்பாக்கி கிடையாது. கத்திதான் வரும்.

கார்பெட்டின் அந்த ரிக்பி அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்ட் யுனிவர்சிட்டி பிரஸ்ஸிடம் பல காலம் இருந்தது. பின்னர் ரிக்பி கம்பெனியே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது, அதன் நினைவாகப் புதுத் துப்பாக்கிகளும் செய்து விற்றது. செத்த புலியும் செத்த பெண்களும் ஒரு கம்பெனியின் மூலதனமாக நூறு வருஷம் கழித்தும் வட்டி ஈட்டுகிறார்கள். 'நீண்டகால மதிப்பு' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேடினாலும் கிடைக்காது.

○

இனி இந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமான இடம். 1930கள் முதல் ஜெர்மன் ராணுவத் துப்பாக்கிகளில் ஆலையின் பெயருக்குப் பதில் ரகசியக் குறி அடித்தார்கள். ஆக்ஷன் கூட்டின் முன்வளையத்தில் 'பி.ஒய்.எஃப்.' என்று இருந்தால் ஓபெர்ன்டார்ஃப் மௌசர். 'பி.என்.இசட்.' என்றால் ஆஸ்திரியாவின் ஸ்டெயர். 'பி.சி.டி.' என்றால் வைமாரின் குஸ்ட்லோஃப். யுத்தக் காலத்தில் இந்த ஆலைகளில் வேலை செய்தவர்கள் யார்? ஓபெர்ன்டார்ஃபில் போலந்திலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பிடித்துவரப்பட்ட ஆயிரக்கணக்கான கட்டாயத் தொழிலாளர்கள். ஒழுங்காக வேலை செய்யாதவர்களைத் 'திருத்த' ஊருக்குப் பக்கத்தில் ஐஸ்டைகில் ஒரு முகாம். ஸ்டெயருக்காக மௌட்ஹௌசனின் கிளை முகாமான குசெனில் கைதிகள் துப்பாக்கி உறுப்புகள் செய்தார்கள். குஸ்ட்லோஃப் ஆலையின் ஒரு கிளை புக்கன்வால்ட் முகாமை ஒட்டியே இருந்தது. இறந்த உழைப்பு என்று மார்க்ஸ் சொன்னது ஒரு உருவகம் என்றுதான் நாம் படித்தோம். இங்கே அது உருவகம் இல்லை.

யுத்தம் முடிந்ததும் பிரெஞ்சுக்காரர்கள் ஓபெர்ன்டார்ஃப் ஆலையின் எந்திரங்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஆனால் செய்து முடித்த துப்பாக்கிகள் லட்சக்கணக்கில் உலகம் முழுக்கக் கிடந்தன. அமெரிக்கச் சிப்பாய்கள் நினைவுப்பொருளாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். 1953இல் சாமுவேல் கம்மிங்ஸ் என்ற, சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்துவிட்டு வந்த ஆள், தொடங்கிய இன்டர்ஆர்ம்கோ கம்பெனி நாடு நாடாகப் போய்ப் பழைய துப்பாக்கிகளைச் சல்லிசாக வாங்கி அமெரிக்காவில் கொட்டியது. அங்கிருந்த பட்டறைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். நல்ல எஃகு, நல்ல ஆக்ஷன், காய்கறி விலை. குழலையும் கட்டையையும் தூக்கிப் போட்டுவிட்டு, ஆக்ஷனை மட்டும் வைத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் புதுத் துப்பாக்கி செய்தார்கள். அப்படிச் செய்யும்போது முதல் வேலை என்ன தெரியுமா? கூட்டின் மேலிருக்கிற குறிகளை, கழுகை, சுவஸ்திகாவை, ஆலை எழுத்துகளைச் சாணை பிடித்து அழித்துவிடுவது. பளபளவென்று மெருகேற்றி நீலம் பூசிவிட்டால் அது எங்கே பிறந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்பன் வாங்கிக் கொடுத்த துப்பாக்கி, அவ்வளவுதான்.

வரலாற்றை அழித்ததாக இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால் சந்தை அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. நாற்பது ஐம்பது வருஷம் கழித்து நிலைமை தலைகீழாயிற்று. சாணை பிடிக்கப்பட்ட ஆக்ஷன்கள் விலை போகவில்லை. குறிகள் அப்படியே இருக்கிற, ஒவ்வொரு உறுப்பின் எண்ணும் ஒத்துப்போகிற, தொடப்படாத துப்பாக்கிக்குப் பல மடங்கு விலை. கழுகு இருந்தால் கூடுதல் காசு. முதலில் சுவடு அழிந்தால் மதிப்பு, பிறகு சுவடு இருந்தால் மதிப்பு. இரண்டிலும் குசென் கைதிக்கு இடம் கிடையாது. எழுத்துக் குறியை வாசிக்கிற சேகரிப்பாளர், அந்தக் குறிக்குப் பின்னால் அரத்தைப் பிடித்திருந்த கையை வாசிப்பதில்லை. நம்முடைய சில அமைப்பியல் நண்பர்களும் இப்படித்தான் பிரதியை வாசிக்கிறார்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், கோபித்துக்கொள்ளட்டும்.

○

1963 மார்ச்சில் சிகாகோ கடை ஒன்றுக்குக் கூப்பன் அனுப்பி, தொலைநோக்கியோடு 19.95 டாலருக்கு, தபால் செலவு தனி, பழைய இத்தாலிய ராணுவத் துப்பாக்கி ஒன்றை லீ ஹார்வி ஆஸ்வால்ட் வரவழைத்தார். அந்த நவம்பரில் கென்னடி கொல்லப்பட்டார். மார்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட 1968இல்தான் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. தபால் வியாபாரம் நின்றது, பழைய ராணுவத் துப்பாக்கிகளின் இறக்குமதி நின்றது. இந்தச் சட்டத்தின் ஒரு வரி நம் விஷயத்துக்கு முக்கியம். துப்பாக்கி என்றால் என்ன? 1938ஆம் வருஷத்துப் பழைய சட்டம் எந்த உறுப்பையும் துப்பாக்கியாகவே பாவித்தது. திருகாணிக்கெல்லாம் கணக்கு வைக்க முடியாது என்று கண்டுகொண்ட 1968 சட்டம், கூட்டை மட்டும் துப்பாக்கி என்று வரையறுத்தது. குழலும் கட்டையும் விசையும் வெறும் உதிரிப் பாகங்கள். எண் அடிப்பது கூட்டின் மேல், பதிவு கூட்டின் பெயரில். எல்லா உறுப்பையும் மாற்றிய பிறகும் இது அதே துப்பாக்கிதானா என்று தத்துவவாதிகள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, அமெரிக்க அரசு ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டது: கூடு அதேதான் என்றால் துப்பாக்கியும் அதேதான். வேட்டைக்காரர்களின் புத்திமதிக்குச் சட்டத்தின் முத்திரை கிடைத்தது. மதிப்பு எங்கே உட்காருகிறதோ அங்கேயே அடையாளமும் வந்து உட்கார்ந்துகொண்டது. கடைசி ஓட்டை போடப்படாத, முக்கால்வாசி முடிந்த கூடு துப்பாக்கியா இல்லையா என்று பிற்பாடு கிளம்பிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், அதைக் கட்டுப்படுத்தும் 2022 விதி செல்லும் என்று 2025 மார்ச்சில்தான் முடிந்தது.

○

தொழிலாளியின் கை மதிப்பாக மாறுகிற விதத்துக்கு வின்செஸ்டர் 70 ரகம் சுத்தமான சாட்சி. மௌசர் வழியில் 1936இல் நியூ ஹேவன் நகரத்தில் தொடங்கியது. கூட்டை அடித்து, குடைந்து, அரம் போட்டுப் பொருத்த நிறைய ஆள் நேரம் பிடித்தது. 1964இல் கம்பெனி ஆள் செலவைக் குறைத்தது: நீண்ட நகம் போயிற்று, கைவேலை போயிற்று, கட்டையில் செதுக்குவதற்குப் பதில் அச்சு வைத்து அழுத்தினார்கள். வாங்குகிறவர்கள் காறித் துப்பினார்கள். அன்றிலிருந்து '64க்கு முந்தியது' என்பது ஒரு தனிச் சாதி. எண் ஏழு லட்சத்துக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். அந்த விலை வித்தியாசம் என்பது நியூ ஹேவன் ஃபிட்டர்களின் மணிக்கணக்கு அல்லாமல் வேறென்ன? அவர்கள் 1979இல் வேலைநிறுத்தம் செய்தார்கள், 1981இல் ஆலை கைமாறியது, 2006இல் இழுத்து மூடப்பட்டது. அவர்களுடைய உழைப்புக்கு ஏலத்தில் வருஷாவருஷம் விலை ஏறிக்கொண்டிருக்க, ஏறுகிற காசு எதுவும் நியூ ஹேவனுக்குப் போவதில்லை.

இன்னொரு பக்கம் ரெமிங்டன். 1948இல் வந்த 721 ரகமும் அதிலிருந்து 1962இல் வந்த 700 ரகமும் மலிவாகச் செய்வதற்கென்றே திட்டமிட்டவை. கூடு என்பது உருண்டைக் கம்பியை லேத்தில் கடைந்த குழாய். அதிர்வைத் தாங்குகிற முளை, குழலுக்கும் கூட்டுக்கும் நடுவே செருகிய ஒரு தகடு. மௌசர் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆனால் உருண்டையாக இருப்பதை லேத்தில் மாட்டித் துல்லியமாகத் திருத்துவது சுலபம். தாளில் ஒரே ஓட்டையில் ஐந்து குண்டு போடப் பார்க்கிற பந்தயக்காரர்கள் முதலில் ரெமிங்டனைத் திருத்தினார்கள். திருத்துகிற கூலிக்குப் புதிதாகவே செய்துவிடலாமே என்று பிறகு சின்னப் பட்டறைகள் தாங்களே ஆக்ஷன் செய்ய ஆரம்பித்தன. இன்று ஆயிரம் ஆயிரத்தைந்நூறு டாலருக்கும் மேலே விற்கிற கஸ்டம் ஆக்ஷன்களில் பெரும்பாலானவை ரெமிங்டன் 700இன் அச்சில்தான் வருகின்றன. அந்த அளவுக்கென்றே செய்த கட்டைகளும் விசைகளும் எங்கும் கிடைப்பதால் அந்த அளவை விட்டு யாரும் நகர முடியாது. நல்லது என்பதால் தரமாகவில்லை, பரவியதால் தரமாயிற்று. இலக்கியத்தில் இதற்கு உதாரணம் நான் சொல்ல வேண்டியதில்லை.

அதே ரெமிங்டனின் விசையைக் கொஞ்சம் மாற்றினால் தானாக வெடிக்கிற ஆபத்து குறையும் என்று அதை வடிவமைத்த மைக் வாக்கரே 1948இல் எழுதிக் கொடுத்தார். துப்பாக்கிக்கு 5.5 சென்ட் கூடுதல் செலவு. செய்யவில்லை. பல வருஷம் கழித்து வழக்குகள் குவிந்து, 75 லட்சம் துப்பாக்கிகளைப் பற்றிய சமரசத்தில் முடிந்தது. குறை எதுவும் இல்லை என்றே கம்பெனி கடைசிவரை சாதித்தது. 1966 ஆகஸ்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து சுட்டவன் கையில் இருந்ததும் 700 ரகம், அதே காலத்தில் வியட்நாமில் மரைன் படையின் மறைந்து சுடுபவர்களுக்குக் கொடுத்ததும் அதே 700.

ரெமிங்டன் 1828 முதல் நியூயார்க் மாநிலத்தின் இலியன் என்ற ஊரில் இருந்தது. நம் எழுத்தாளர்கள் பலர் தட்டிய டைப்ரைட்டரின் மூதாதை 1870களில் அந்த ஆலையில்தான் உருவாயிற்று. 2007இல் செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனம் கம்பெனியை வாங்கியது. கடன் ஏறியது. 2018இல் திவால், 2020இல் மறுபடி திவால். பெயரைக்கூடக் கூறுபோட்டார்கள்: தோட்டா ஒருவருக்கு, துப்பாக்கி வேறொருவருக்கு. 2020 அக்டோபரில் இலியன் தொழிலாளர்கள் வேலையை இழந்தார்கள், மருத்துவக் காப்பீட்டையும் இழந்தார்கள். புது முதலாளி வந்து ஒரு பகுதியைத் திறந்தார். தொழிற்சங்கம் இல்லாமல் வேலை வாங்கச் சுலபமான தெற்கு மாநிலமான ஜார்ஜியாவுக்குப் போவதாக அறிவித்து, 2024 மார்ச்சில் இலியன் ஆலையை மூடினார். மௌசர் பெயரிலான வேட்டைத் துப்பாக்கி இன்று ஓபெர்ன்டார்ஃபில் செய்யப்படுவதில்லை. இஸ்னி என்ற வேறு ஊரில், ரிக்பியையும் கையில் வைத்திருக்கிற அதே முதலாளிக் குழுமத்தின் கீழ் வருகிறது. இலியனில் இப்போது யாரும் ஆக்ஷன் கடையவில்லை. அந்த அளவில் ஆக்ஷன் கடைகிற பட்டறைகள் மட்டும் அமெரிக்கா முழுக்க ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆர்டர் கொடுத்தால் மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள்.